ஈரம் காயாத கடைசி எழுத்து

பான் யோன்ஜுவுக்குப் பத்து வயது நடந்தபோது அவர்கள் வீட்டில் பேசும் சோற்றுக் குக்கர் வாங்கினார்கள். "சோறு பக்குவமாக வெந்துவிட்டது, கிளறிவிடுங்கள்" என்று அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல் சொல்லும். அக்கம்பக்கத்தார் வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள். மறுநாள் பள்ளி விட்டு வந்தவள் குக்கரைத் திருப்புளியால் பிரித்துத் தரையில் பரப்பிவிட்டாள். அம்மா துடைப்பத்தோடு வந்து நின்றபோது அவள் அழவில்லை.

"அந்தப் பொம்பள எங்க உக்காந்து பேசுறான்னு பாத்தேன். யாருமே இல்லம்மா, ஒரு பச்சைத் தகடுதான் இருக்கு."

குக்கர் அதற்குப் பிறகும் பல வருஷம் சோறு வடித்தது. பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டது.

இப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. தென்கொரியாவின் பூசான் நகரில், சாசாங் பக்கம், கீழ்த்தளத்தில் ரப்பர் செருப்புக் கிடங்கும் மேல்தளத்தில் கணினி நிறுவனமுமாக இருக்கும் கட்டடத்தில் நிரல் எழுதுகிறாள். ஆட்களை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய அளவுக்குச் சிறிய நிறுவனம். அங்கே அவளுக்கு 'ஏன் மேடம்' என்று பெயர். பெயர் வைத்தவர் அவளுடைய டீம் லீடர் குக் சாங்ஹ்யோன். கெட்ட மனிதர் இல்லை. பதில் கிடைத்த கேள்விகளை மட்டும் விரும்புகிறவர்.

அவர்கள் செய்து விற்கும் பொருள் ஒன்றுதான். பார்சல் வந்து சேராதவர்கள் கைபேசியில் புலம்பினால், வாடிக்கையாளர் மையத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கணினியில் தட்டச்சு செய்து பதில் சொல்வார்கள். அந்தப் பதில் சொல்லும் சன்னலைச் செய்தது இவர்கள். அதைப் புதுப்பிக்க வேண்டிய நேரம் வந்தது. எந்தச் சட்டகத்தின், அதாவது ஃபிரேம்வொர்க்கின், மேல் கட்டுவது என்ற பேச்சும் வந்தது.

திரையில் தெரியும் பொத்தானையும் எழுதும் பெட்டியையும் எல்லோரும் முதலிலிருந்து செதுக்குவதில்லை. யாரோ செய்து, மூலநிரலையும் ஊருக்கே திறந்துபோட்டு வைத்திருக்கும் சட்டகம் ஒன்றை எடுத்து அதன்மேல் கட்டுவார்கள். போட்டியில் மூன்று இருந்தன. ஒன்று மிகப் பழையது, கனமானது, திறக்கும்போது இருமிக்கொண்டு எழுந்திருப்பது. அதை அலுவலகத்தில் தாத்தா என்றார்கள். இன்னொன்று ஒரு கையளவு நிரல், அது ஒல்லி. மூன்றாவது, இப்போது இவர்களுடைய சன்னல் நின்றுகொண்டிருப்பது. பளபளப்பானது, எல்லோரும் பேசுவது. அது மாப்பிள்ளை. மூன்றையும் ஒப்பிட்டுச் சொல்லும் வேலை யோன்ஜுவுக்கு வந்தது.

"என்னைக் கேட்டா மாப்பிள்ளையே இருக்கட்டும். புது வெர்ஷன் வந்திருக்கு. உலகத்துல பாதிப்பேரு அதத்தான் எடுக்குறான்" என்றார் குக்.

"ஏன் சார் எடுக்குறான்?"

"அதான் பாதிப்பேரு எடுக்குறான்ல."

இதே வாரத்தில் இன்னொரு ஒப்பீடும் அவள் தலையில் ஓடிக்கொண்டிருந்தது. நிறுவனம் வருஷத்துக்கு ஒரு பயிற்சிக்கு அனுப்பும். இரண்டு வகுப்புகள் கண்ணில் பட்டன. ஒன்றின் பெயர் 'ஆறே வாரத்தில் அழகான சன்னல்'. இன்னொன்றின் பெயர் 'விசையிலிருந்து திரைவரை'. இரண்டிலும் முதல் நாள் இலவசம். இரண்டுக்கும் போய் உட்கார்ந்தாள்.

முதல் வகுப்பில் ஆசிரியர் ஒரு பொத்தானை இழுத்துத் திரையில் போட்டார், அமுக்கினார், வணக்கம் சொன்னது, எல்லோரும் கைதட்டினார்கள். "அமுக்கினது பொத்தானுக்கு எப்படித் தெரியுது?" என்று யோன்ஜு கேட்டாள். "அது உங்களுக்குத் தெரிய வேண்டியதில்ல. ஃபிரேம்வொர்க் பாத்துக்கும்" என்றார் அவர், குழந்தைக்குப் பொம்மை கொடுக்கிற முகத்தோடு.

இரண்டாவது வகுப்பில் ஆசிரியை நாம் சேபோம், யோன்ஜுவைவிட ஏழெட்டு வயது சின்னவள், வீட்டுக்குள் போடும் செருப்போடு வந்து நின்றாள். "இங்க ஃபிரேம்வொர்க் கிடையாது. நீங்க எழுதுற ப்ரோகிராம் இன்னைக்கே செத்துப்போகும். எதனால செத்துச்சுன்னு நீங்களே போஸ்ட்மார்ட்டம் பண்ணிக்கங்க. நான் சொல்ல மாட்டேன். வாத்தியார் சொல்லிட்டா மாணவன் நம்பிடுவான். நம்புறதுக்குச் சம்பளம் குடுத்து ஒரு ஆள் எதுக்கு?"

யோன்ஜு அன்றே அங்கே பெயர் கொடுத்தாள்.

"ஒரு டம்ளர் தண்ணிக்குக் கிணறு வெட்டப் போறீங்களா, ஏன் மேடம்?" என்றார் குக்.

"குழாய்ல வர்ற தண்ணி நாறுச்சுன்னா எங்க போய்ப் பாப்பீங்க சார்?"

"பிளம்பரக் கூப்பிடுவேன்."

"சரி, நான் பிளம்பர் வேலையக் கத்துக்கிட்டு வர்றேன்."

ஒப்பீட்டு அட்டவணை வளர்ந்தது. எடை என்ன, திறக்க எவ்வளவு நேரம், உரிமம் எப்படி, எத்தனை பேர் உழைக்கிறார்கள். எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டு அவள் நாற்காலியில் சாய்ந்தாள். இந்தச் சன்னலில் நாள் முழுக்கத் தட்டச்சு செய்பவர் யார் என்ற கட்டம் மட்டும் இல்லை. அந்த மனிதர்களை அவர்கள் நிறுவனத்தில் ஒருவர்கூடப் பார்த்ததில்லை. அனுமதி கேட்டு, ஒரு வியாழக்கிழமை சோம்யோனில் இருந்த அந்த மையத்துக்கு அவளே போனாள்.

வரிசை வரிசையாகப் பெண்கள். முதல் வரிசையில் சே இன்சுக், ஐம்பதை நெருங்குகிறவர், நாற்காலியில் சொந்தமாகப் பின்னிய மெத்தை போட்டிருந்தார். கழுத்தில் நீல அட்டை, அதாவது நிரந்தர ஊழியர். யோன்ஜு அவருக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு விரல்களைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அவளுக்குள் ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. இன்சுக் ஒவ்வொரு வரியையும் முடித்து எண்டர் விசையைத் தட்டுவதற்கு முன்னால், அவருடைய கட்டைவிரல் இடைவெளி விசையை ஒரு முறை தட்டியது. பக்கத்தில் இருப்பவரும் அப்படித்தான். அதற்கு அடுத்தவரும். வரிசை முழுக்க டக்-டக் என்று இரட்டைத் தட்டல் கேட்டது.

"அக்கா, எண்டருக்கு முன்னாடி ஸ்பேஸ் ஏன் தட்டுறீங்க?"

"தட்டுறேனா?" இன்சுக் தன் கட்டைவிரலை அடுத்த வீட்டுப் பிள்ளையைப் போலப் பார்த்தார்.

"ஒவ்வொரு தடவையும்."

"அது தட்டணும்மா. தட்டலைன்னா கெட்டுப்போகும்."

"என்ன கெட்டுப்போகும்?"

"அனுப்புறது கெட்டுப்போகும். நான் வேலைக்கு வந்தப்போ பெரியக்கா ஒருத்தங்க சொன்னாங்க. அவங்க ரிட்டயரே ஆயிட்டாங்க. முன்னோர் படையல்ல சிவப்புப் பழம் கிழக்கால, வெள்ளைப் பழம் மேற்கால வைக்கிறோம்ல, ஏன்னு கேக்குறோமா?"

"நான் கேட்டேன் அக்கா. அந்த வருஷம் பெரியப்பா எனக்குப் பழமே குடுக்கல."

இன்சுக் சிரித்துவிட்டார். "நல்லா வேணும் உனக்கு" என்று சொல்லிக்கொண்டே அடுத்த வரியை அடித்தார். டக்-டக்.

கடைசி வரிசையில், நகல் எடுக்கும் இயந்திரத்தின் சூடு முதுகில் படும் இடத்தில், வெள்ளை அட்டைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஏஜென்சி மூலம் வந்தவர்கள். அவர்களில் ப்யோ தல்லே என்ற பெண்ணின் பின்னால் யோன்ஜு போய் நின்றாள். தல்லே வேகமாக அடித்தாள், பிழையில்லாமல் அடித்தாள், எண்டர் தட்டினாள். 'உங்கள் பொருள் நாளை வந்துவிடுமுங்க' என்று ஒரு வரி போனது. அதன் பின்னாலேயே 'ங்க' என்று தனியாக ஒரு வரியும் போனது.

எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் வந்தது: 'என்ன, பழிப்புக் காட்டுறியா?'

தல்லே பதறி அடித்தாள். 'அய்யோ இல்லீங்க, மன்னிச்சிடுங்க.' அதன் பின்னால்: 'ங்க.'

அந்தப் பக்கத்து ஆள் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

யோன்ஜுவின் கண் அவள் விசைப்பலகைமேல் விழுந்தது. மற்ற மேசைகளில் இருப்பதைப் போன்றது இல்லை. "இது நீங்களே வாங்குனதா?" என்று கேட்டாள்.

"ரெண்டாவதுங்க. மொதல்ல வாங்குனதும் இப்படியேதான் பண்ணுச்சு. அப்புறம்தான் கோளாறு கீபோர்டுல இல்ல, என் விரல்லதான்னு புரிஞ்சுது. கடைசி எழுத்த ரெண்டு தடவ அமுக்கிடுறேன் போல. மெதுவாத் தொட்டுப் பாத்தேன், அப்பவும் வருது. நகமாயிருக்குமோன்னு வெட்டியும் பாத்துட்டேன்." விரல்களை நீட்டிக் காட்டினாள். நகம் சதை தெரியும் அளவுக்கு வெட்டப்பட்டிருந்தது. அவள் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

மையத்தின் மேலாளர் ஹோ பின்னால் வந்து நின்றிருந்தார். யோன்ஜுவை ஓரமாக அழைத்துப் போய், குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்.

"பாத்தீங்கல்ல? வெள்ள அட்டைக்காரங்க எல்லாருக்குமே இந்த வியாதி இருக்கு. நாங்களும் ஆள மாத்தி மாத்திப் பாக்குறோம். நீல அட்டைல ஒருத்தருக்குக்கூட வரல. அக்கறைங்கிறது பொறப்புலயே வரணும் மேடம், ஏஜென்சிக்காரன் அனுப்பி வராது. திங்கக்கிழமை சாயங்காலம் இந்தப் பொண்ணோட மூணு மாசம் முடியுது. முடிச்சுவிட்டுட வேண்டியதுதான்."

அவர் பொய் சொல்லவில்லை. தவறுகள் அத்தனையும் வெள்ளை அட்டைகளிடமிருந்துதான் வந்தன. கணக்கு சரியாக இருந்தது. ஆபத்தே அதில்தான் இருந்தது. உலகத்தில் ஒரு கூட்டத்தை மட்டம் தட்டியவன் எவனும் கையில் கணக்கில்லாமல் வந்ததில்லை. எண்ணிப் பார்த்தேன், அவர்களிடம்தான் குறை என்பான். குறை எந்த வழியாக அவர்களிடம் வந்து சேர்ந்தது என்பதை மட்டும் எண்ண மாட்டான்.

யோன்ஜுவுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: விசைப்பலகைக்கு அட்டையின் நிறம் தெரியாது.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் தங்கள் சன்னலைத் திறந்து ஏ, எஸ், டி, எஃப் என்று தட்டி எண்டர் போட்டாள். ஒரே வரிதான் போனது. மறுபடியும் தட்டினாள். ஒன்றுமில்லை.

அப்போதுதான் அவள் கை நின்றது. அந்த ஊரில் விசைப்பலகைக்கு இரண்டு முகம். இடைவெளி விசைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு விசையைத் தட்டினால் கொரிய எழுத்து, மறுபடி தட்டினால் ஆங்கில எழுத்து. நிரல் எழுதுகிறவர்கள் நாள் முழுக்க ஆங்கில முகத்திலேயே குடியிருப்பார்கள். சன்னல் வேலை செய்கிறதா என்று பார்க்க, இடது கை இருக்கும் இடத்திலேயே நாலு எழுத்தைத் தட்டுவார்கள். பழைய சோதனைகளைப் புரட்டினாள். வருஷக்கணக்காக ஏ, எஸ், டி, எஃப். கொஞ்சம் சோம்பல் குறைந்தவர்கள் ஒன்று இரண்டு மூன்று நாலு.

முகத்தை மாற்றி, 'சாப்பிட்டாச்சா' என்று தன் மொழியில் அடித்து எண்டர் தட்டினாள். வரி போனது. பின்னாலேயே அதன் வாலும் போனது.

"டீம் லீடர் சார், இந்த சன்னல்ல நாம யாராச்சும் நம்ம பாஷைல ஒரு வரி அடிச்சுப் பாத்திருக்கோமா?"

குக் யோசித்தார். "அடிச்சிருப்போம். ஏன், அடிச்சிருக்க மாட்டோமா?" என்று சொல்லிவிட்டு, திரையைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

அவள் இடைவெளி விசையைத் தட்டிவிட்டு எண்டர் தட்டினாள். வால் போகவில்லை. பெரியக்காவின் மந்திரம் பலித்தது. பலிக்கிற மந்திரம் இருக்கிறதே, அதுதான் பலிக்காததைவிட மோசம். பலிக்காததை மனிதர்கள் என்றாவது ஒருநாள் கைவிடுவார்கள். பலிப்பதை ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

சனிக்கிழமை வகுப்பில் அன்றைய பயிற்சி பொருத்தமாக அமைந்தது. விசையில் விரல் பட்டதிலிருந்து என்னென்ன செய்தி மேலே ஏறி வருகிறதோ, ஒவ்வொன்றையும் வழியிலேயே நிறுத்தித் திரையில் காட்ட வேண்டும். யோன்ஜுவின் நிரல் இரண்டு முறை செத்தது. மூன்றாவது முறை பிழைத்தது. அவள் 'சோறு' என்பதற்கான ஓரசைச் சொல்லை அடித்தாள். மூன்று விசைகள், ஆனால் கட்டி முடித்தால் ஒரே ஓர் எழுத்துக் கட்டம்.

அந்த எழுத்துகளின் குணம் அது. ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு கட்டமாகும். கடைசியாக ஒட்டியது இந்தக் கட்டத்தில் தங்குமா, கழன்று அடுத்த கட்டத்துக்குத் தலையாகப் போகுமா என்பது அடுத்த விசையைத் தட்டும்வரை கணினிக்குத் தெரியாது. அதனால் கடைசி எழுத்து எப்போதும் ஈரமாகவே இருக்கும். அடியில் ஒரு கோடு போட்டுக் காத்திருக்கும். இடைவெளி தட்டினால் காய்ந்துவிடும்.

ஈரமாக இருக்கும்போதே எண்டர் தட்டினால் என்ன ஆகிறது? யோன்ஜு தட்டிப் பார்த்தாள். ஒரு தட்டலுக்கு இரண்டு செய்தி மேலே வந்தது. முதலாவது, 'எண்டர் தட்டினார்கள், ஆனால் எழுத்து இன்னும் ஈரம்' என்றது. இரண்டாவது, 'எழுத்து காய்ந்தது, எண்டர்' என்றது. தரைமட்டத்தில் இரண்டும் தெளிவாகத்தான் இருந்தன. அதே தட்டலை மாப்பிள்ளைச் சட்டகத்தின் வழியாக விட்டுப் பார்த்தாள். மேலே வந்து சேர்ந்தது வெறும் எண்டர், எண்டர். 'இன்னும் ஈரம்' என்ற சொல் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. முதல் எண்டருக்கு அவர்களுடைய சன்னல் முழு வரியையும் அனுப்பிவிட்டுப் பெட்டியைக் காலி செய்தது; காலிப் பெட்டியில் ஈர எழுத்து காய்ந்து விழுந்தது; இரண்டாவது எண்டர் அதையும் அனுப்பியது.

மூலநிரல் திறந்து கிடந்ததால் எந்த இடத்தில் உதிர்ந்தது என்பதையும் போய்ப் பார்க்க முடிந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எழுதியவனுடைய மொழியில் எழுத்து பிறக்கும்போதே காய்ந்து பிறக்கிறது. ஈரம் என்று ஒன்று உண்டு என்பதே அவனுக்குத் தெரியாது. கீழே இருப்பவர்கள் சொல்லும் ஒரு சின்னச் சொல் மேலே போய்ச் சேர்வதற்குள் உதிர்ந்துபோவது கணினிக்குள் மட்டும் நடப்பதில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சேபோம் வந்து தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இது எனக்கும் வந்திருக்கு. காலேஜ் நாள்லயே வந்திருக்கு. நான் என்ன பண்ணேன் தெரியுமா? ஸ்பேஸ் தட்டிட்டுப் போயிட்டேன்."

"போஸ்ட்மார்ட்டம் டாக்டரே பொணத்தத் தாண்டிப் போயிட்டாராக்கும்" என்றாள் யோன்ஜு. வகுப்பே சிரித்தது. சேபோமும் சிரித்தாள், காது சிவக்க.

கோளாறு விளங்கிவிட்டது. அந்த மந்திரம் வெள்ளை அட்டைகளுக்கு மட்டும் ஏன் எட்டவில்லை என்பது விளங்கவில்லை. திங்கட்கிழமை காலையில் குக் அவளுக்கு வழிகாட்டினார்.

"கண்டுபிடிச்சது நல்லது. அமைதியா சரிபண்ணி புது வெர்ஷன்ல சேத்துடுவோம். நாமளாப் போய் எங்க தப்புதான்னு சொல்லிக்கிட்டா அடுத்த வருஷம் அவங்க நம்மகிட்ட வாங்குவாங்களா?"

"புது வெர்ஷன் வர்றதுக்குள்ள அங்க ஒரு பொண்ணு வெளிய போயிடுவா சார். இன்னைக்குச் சாயங்காலமே."

"அது அவங்க ஆபீஸ் விஷயம்."

"அந்தப் பொண்ணு நகத்த வெட்டிக்கிட்டிருக்கா சார். அது நம்ம விஷயம்."

குக் கோப்பையிலிருந்த காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சர்க்கரை எப்போதோ கரைந்திருந்தது. "நீங்க எங்க போறீங்கன்னு எனக்குத் தெரியாது. நான் கேக்கவும் இல்ல" என்றார் கடைசியில். அவரிடமிருந்து அவ்வளவு வந்ததே பெரிசு.

நண்பகலில் அவள் சோம்யோன் போய்ச் சேர்ந்தபோது இன்சுக் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கையைப் பிடித்து இழுத்துப் போனார். நீண்ட மேசையில் நெத்திலிக் கருவாட்டுத் தட்டும் முட்டைக்கோஸ் ஊறுகாயான கிம்ச்சித் தட்டும் கைக்குக் கை மாறின. மருமகளின் பிரசவம், வீட்டு வாடகை, மேலாளரின் புது முடிச்சாயம் எல்லாம் அந்தத் தட்டுகளோடு சேர்ந்தே நகர்ந்தன. யோன்ஜு கழுத்துகளைப் பார்த்தாள். எல்லாம் நீலம்.

"அக்கா, ஸ்பேஸ் தட்டணும்னு உங்களுக்குப் பெரியக்கா எங்க வச்சு சொன்னாங்க?"

"இங்கதான். மொத நாள் சாப்பாட்டுல. நானும் புதுசா வர்றவங்களுக்கு இங்கதான் சொல்வேன். இந்தா, இவளுக்கும் நான்தான் சொன்னேன்." எதிரில் இருந்தவள் வாயில் சோற்றோடு தலையாட்டினாள்.

"வெள்ள அட்டைக்காரங்க எங்க?"

"நாம சாப்பிடும்போது யாராச்சும் உக்காந்து பதில் சொல்லணும்ல? அவங்க அப்புறம் சாப்பிடுவாங்க. மாடிப்படில உக்காந்து, கடைல விக்கிற முக்கோணச் சோத்துப் பொட்டலத்தத் தின்னுட்டு வருவாங்க."

"அவங்கள்ல யாருக்காச்சும் நீங்க சொன்னதுண்டா?"

இன்சுக்கின் சாப்பாட்டுக் குச்சிகள் தட்டின்மேல் நின்றன.

"பேசக் கிடைச்சாத்தானே சொல்றதுக்கு? பேரு மனசுல பதியிறதுக்குள்ள போயிடுறாங்க. மூணு மாசத்துல போயிடுறாங்க, ஏன் போறாங்கன்னு..." கிம்ச்சித் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

வழி தெரிந்துவிட்டது. சன்னலின் கோளாறு எல்லோர்மேலும் சமமாகத்தான் விழுந்தது. அதற்கான மருந்து மட்டும் ஒரு மேசையில் பரிமாறப்பட்டது. அந்த மேசையில் உட்காராதவர்களுக்குக் கிடைக்கவில்லை. யாரும் யாரையும் ஒதுக்கவில்லை என்று ஹோ சத்தியம் செய்வார். நேர அட்டவணைதான் ஒதுக்கியது. மனிதனைப் பந்தியிலிருந்து தள்ளிவைக்க ஒரு காலத்தில் சாஸ்திரம் தேவைப்பட்டது. இப்போது அட்டவணை போதும்.

சாயங்காலம் ஹோவின் அறையில் தல்லே கைகளைக் கோத்துக்கொண்டு நின்றிருந்தாள். யோன்ஜு கதவைத் தட்டினாள். பின்னாலேயே இன்சுக்கும் வந்தார்.

"சார், கோளாறு எங்க சன்னல்ல இருக்கு. இந்தப் பொண்ணு விரல்ல இல்ல" என்றாள் யோன்ஜு.

"அப்போ நீல அட்டைக்கு ஏன் வரல?"

"வரும். இன்சுக் அக்கா, ஸ்பேஸ் தட்டாம ஒரு வரி அனுப்புங்க."

இன்சுக் ஹோவின் கணினியில் உட்கார்ந்தார். 'காத்திருங்க' என்று அடித்தார். டக்-டக். ஒரே வரி.

"ஸ்பேஸ் தட்டிட்டீங்க அக்கா."

"தட்டலையே."

"தட்டிட்டீங்க."

மறுபடியும் அடித்தார். டக்-டக். மூன்றாவது முறை தன் கட்டைவிரலையே முறைத்துப் பார்த்துக்கொண்டு அடித்தார். அது அவர் முறைப்பையும் மீறித் தட்டியது. தல்லே தன்னையறியாமல் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது என் விரலா, இல்ல மேனேஜ்மென்ட் விரலா? சொன்ன பேச்சே கேக்க மாட்டேங்குது" என்றார் இன்சுக். கடைசியில் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, இடது கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஆள்காட்டி விரலால் மட்டும் ஒவ்வொரு எழுத்தாகக் கொத்தினார். எண்டர்.

'காத்திருங்க.'

'ங்க.'

இன்சுக் நாற்காலியைத் திருப்பினார். "மேனேஜர் சார், இத்தன வருஷத்துக்கப்புறம் எனக்கும் அந்த வியாதி வந்திருச்சு. பொறப்புலயே இருந்திருக்கும் போல."

ஹோ திரையைப் பார்த்தார், தல்லேயைப் பார்க்கவில்லை. "சரி, மெஷின் கோளாறு. இந்தப் பொண்ணு இருக்கட்டும். விஷயம் முடிஞ்சுது."

"முடியல சார். இதுக்கு முன்னாடி போனவங்க?" என்றாள் யோன்ஜு.

"அவங்கதான் போயிட்டாங்களே."

"எதனால போனாங்க?"

ஹோ மேசைமேலிருந்த தாள்களை அடுக்கத் தொடங்கினார்.

"கையில அக்கறை இல்லைன்னு ஏஜென்சிக்குச் சொல்லி அனுப்புனீங்க. அது அப்படி இல்லைன்னு இப்பச் சொல்லணும். அவங்ககிட்டயும் சொல்லணும்."

"உங்க கம்பெனி பண்ண தப்புக்கு நாங்க மன்னிப்புக் கேக்கணுமா?"

"நாங்க பண்ணது தப்பான ப்ரோகிராம். அதுக்கு நாங்க கேக்குறோம், நானே ஒவ்வொருத்தருக்கும் போன் போட்டுக் கேக்குறேன். ஆனா அதப் பாத்து மனுஷங்களுக்கு வியாதின்னு பேரு வச்சது நீங்க. அத நீங்கதான் எடுக்கணும்."

தல்லே மெதுவாகச் சொன்னாள். "எனக்கு முன்னாடி என் சீட்ல இருந்த அக்கா நம்பர் என்கிட்ட இருக்குங்க. மொத நாள் டிராயர்ல கீபோர்டு தொடைக்கிற பிரஷ் விட்டுட்டுப் போயிருந்தாங்க. எதுக்குன்னு கேக்கத்தான் போன் பண்ணேன். அவங்களும் விரல்னுதான் நெனச்சிருந்தாங்க."

ஹோ அன்று ஏஜென்சியைக் கூப்பிட்டார். நெஞ்சு உருகிக் கூப்பிட்டார் என்று சொல்வதற்கில்லை. மூவரும் அறையைவிட்டு நகரவில்லை என்பதால் கூப்பிட்டார்.

போனவர்களில் ஒருத்தி திரும்பி வந்தாள். ஒருத்தி போனை எடுக்கவே இல்லை. பிரஷ் விட்டுப்போன அக்கா இப்போது மீன் உலர்த்தும் இடத்தில் வேலை பார்க்கிறாள். திரும்பி வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். யோன்ஜு விளக்கியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ என் விரல் நல்லாத்தான் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். இருக்கு என்றாள் யோன்ஜு.

இருக்கிற சன்னலுக்கு அந்த வாரமே ஒட்டுப் போட்டாகிவிட்டது. உதிர்ந்த சொல்லை மறுபடி ஒட்டும் திருத்தத்தை யோன்ஜு மாப்பிள்ளைச் சட்டகத்தின் பொது நிரல் கிடங்குக்கும் அனுப்பினாள். ஈர எழுத்து இல்லாத நாட்டிலிருந்து ஒருவன், இது எதற்கு என்று மரியாதையாகக் கேட்டான். விளக்கினாள். சேர்த்துக்கொண்டான். திறந்து கிடக்கும் வீட்டில் அது ஒரு வசதி; குப்பையைப் பார்த்தவர் யாராயிருந்தாலும் துடைப்பத்தை எடுக்கலாம். ஒப்பீட்டு அட்டவணையில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு புதுக் கட்டம் வந்தது: நம் மொழியில் ஒரு வரி அடித்துப் பார்த்தாயிற்றா? ஒல்லி அதில் தோற்றது. எழுத்து காயும்வரை அது எதையுமே காட்டவில்லை. தாத்தா ஜெயித்தார். ஈர எழுத்துள்ள இந்தப் பக்கத்து மனிதர்கள் சிலர் வெகு நாளைக்கு முன்பே அவருக்குள் உட்கார்ந்து ஈரத்தைக் கவனித்து எழுதியிருந்தார்கள். புது வெர்ஷன் அவர்மேல்தான் நிற்கிறது. திறக்கும்போது இருமுகிறார் என்று குக் இன்னமும் முனகுகிறார்.

சாப்பாட்டு அட்டவணையும் மாறியது. ஹோ மாற்றியதல்ல, இன்சுக் வாரம் இரண்டு நாள் பிந்திய பந்தியில்தான் சாப்பிடுவேன் என்று உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்த்து இன்னும் சிலரும். வெள்ளை அட்டை வெள்ளை அட்டையாகத்தான் இருக்கிறது. அந்தச் சண்டை இன்னும் பாக்கி.

புதுச் சன்னலைப் பற்றிக் கேட்டறிய யோன்ஜு ஒருநாள் மறுபடி போயிருந்தாள். பிந்திய பந்தியின் மேசையில் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி, தயங்கித் தயங்கி நெத்திலி எடுத்துக்கொண்டிருந்தாள். இன்சுக் கிம்ச்சித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"கேட்டுக்கோம்மா. எண்டருக்கு முன்னாடி ஒரு ஸ்பேஸ் தட்டணும். இல்லைன்னா கெட்டுப்போகும்."

யோன்ஜு வாயைத் திறந்தாள். அதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து குரல் வந்துவிட்டது. தல்லே, குச்சியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"ஏன் அக்கா?"